அரைநேரத்தில் மாற்றிய சட்டை

கரூர்,
27-2-2025

மாமு சுஃபியானுக்கு,

சாலமோன் எழுதுவது. ஒரு வாரமாக லாட்ஜ் மேனேஜரின் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். என் போன் போலீஸிடம் இருக்கிறது. முதல் நாள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அப்புறம் எடுக்கவே இல்லை. அதனால்தான் கடிதம். போனைக் கட் பண்ணத் தெரிந்தவனுக்குத் தபால்காரரைக் கட் பண்ணத் தெரிகிறதா என்று பார்க்கலாம்.

பதினாறு நாள் புழலில் இருந்துவிட்டு பெயிலில் வந்திருக்கிறேன். சென்னைக்குள் கால் வைக்கக் கூடாது, கரூரில் தங்கி தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கண்டிஷன். எத்தனை நாளைக்கு என்று எழுதவில்லை. ஏன் கரூர் என்று வக்கீலைக் கேட்டேன். "செங்கல்பட்டுன்னா நீ மேட்ச் பாக்க ரயிலேறி வந்துருவ" என்றார். நேற்று பத்து நிமிஷம் தாமதமாகப் போனதற்கு இங்கிருக்கும் ஏட்டு, "மெட்ராஸ்காரத் தம்பி, பத்தரைன்னா பத்தரைக்கு வந்து நிக்கோணும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை நடந்தது உனக்கு மறந்துபோயிருக்கும் போல. ஞாபகப்படுத்துகிறேன். லீக் கமிட்டி நடத்தும் கோப்பையின் செமி ஃபைனல். நம் ஹார்பர் பிரதர்ஸ் அரைநேரத்தில் ஒரு கோல் பின்னால். பின்னால் இருந்தால் காலரியில் நாம் என்ன செய்வோம்? பக்கத்தில் நிற்பவனோடு சட்டையை மாற்றிக்கொள்வோம். புளியங்கொட்டை போட்டு ஆட்டுகிற கிலுக்கு டப்பாவும் சட்டையோடு கை மாறும். அப்படி மாற்றினால் ஆட்டம் திரும்பும் என்று நம் அப்பன்மார் காலத்திலிருந்து ஒரு நம்பிக்கை. உன் சட்டையை நான் போட்டேன். முதுகில் 'சாலமோன் 10' என்று எழுதிய என் சட்டையை நீ போட்டாய். எண்பதாவது நிமிஷம் நம் பையன்கள் கோல் அடித்தார்கள். லைன்ஸ்மேன் ஜாபர் அண்ணன் ஆஃப்சைடு என்று கொடியைத் தூக்கினார். டப்பாக்கள் பறந்தன. ஒன்று அவர் கண்ணில் பட்டது.

யாரோ பின்னாலிருந்து எடுத்த வீடியோவில் அதை எறிந்தவனின் முகம் இல்லை. முதுகுதான் இருக்கிறது. முதுகில் என் பெயர். மறுநாள் விடியும் முன்பே வீட்டுக்கு வந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இது போதாதென்று லீக் கமிட்டி எனக்கு ஐந்து வருஷம் ஸ்டேடியத் தடை போட்டிருக்கிறது. ஒரு புளியங்கொட்டை டப்பாவுக்கு இத்தனை கேஸ், இத்தனை தடை.

ஸ்டேஷனில் எவ்வளவோ கேட்டார்கள். உன் பெயரை நான் சொல்லவில்லை. நீயே சொல்வாய் என்று இருந்தேன். இன்னமும் இருக்கிறேன். சார்ஜ் ஷீட் போடுவதற்குள் போய், "சட்டை அவனுது, போட்டிருந்தது நான்" என்று சொல்லிவிடு. அவ்வளவுதான் கேட்கிறேன்.

சாலமோன்

*

ராயபுரம்,
6-3-2025

அன்பு சாலமோன்,

உன் கடிதம் வந்தது. அம்மாதான் வாங்கி வைத்தாள். யாருடையது என்று கேட்டாள், பழைய வேலை விஷயம் என்று சொன்னேன். நோன்பு வைத்துக்கொண்டு பொய் சொன்னேன்.

போனை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது. நம் காலரிப் பையன்கள் அத்தனை பேருடைய போன் கால் விவரத்தையும் போலீஸ் வாங்கியிருக்கிறதாம். கிளப் செயலாளர் ஞானம் அண்ணன் எங்களை எல்லாம் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். "ஒரு பேரு போயிருச்சு. அது போனது போனதுதான். ரெண்டாவது பேரு வெளிய வந்துச்சுன்னா கிளப்பையே லீக்லேர்ந்து தூக்கிருவானுங்க. எல்லாரும் கம்முனு கீங்க" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியும். சட்டை மாற்றியதைப் பார்த்தவர்கள் இருபது பேராவது இருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

லீக் பட்டியலில் நமக்கு ஒன்பது புள்ளி வெட்டிவிட்டார்கள். மிச்ச ஆட்டங்கள் எல்லாம் காலரியில் ஆளில்லாமல்தான். போன ஞாயிறு நான் வெளி மதில் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். உள்ளே பந்தை உதைக்கிற சத்தம் கேட்டது. கோல்கீப்பர், "பின்னாடி பாரு, பின்னாடி பாரு" என்று கத்துவது கேட்டது. கோல் விழுந்ததா இல்லையா என்றே தெரியவில்லை. விழுந்தாலும் கத்த ஆளில்லையே. கேட்டில் உன் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். கீழே 'அனுமதி இல்லை' என்று போட்டிருக்கிறது. அதைத் தாண்டி நடக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

என் நிலைமையையும் கேள். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் என்னை நிரந்தரம் ஆக்கப் போகிறார்கள். அதற்குப் போலீஸ் சான்று வேண்டும். இந்த மாதத்துக்குள் வந்துவிடும். ஆறு வருஷமாக இதற்காகக் காத்திருந்தவன் நான் என்று உனக்குத் தெரியும்.

நான் எறிந்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜாபர் அண்ணனைக் குறிவைத்து எறியவில்லை. எல்லாரும் எறிந்தார்கள், நானும் எறிந்தேன். எத்தனை வருஷமாக எறிகிறோம், யாருக்காவது ஒரு கீறல் உண்டா? இது எப்படி நடந்தது என்று எனக்கே புரியவில்லை. தூங்க முடியவில்லை.

பெருநாள் வரைக்கும் பொறுத்துக்கொள். அதற்குள் ஏதாவது வழி பண்ணுகிறேன்.

சுஃபியான்

*

கரூர்,
12-3-2025

சுஃபியான்,

பெருநாள் வரை பொறுக்கச் சொல்கிறாய். பொறுப்பதற்கு எனக்கென்ன, இங்கே ராஜ உபசாரம்தானே நடக்கிறது. லாட்ஜில் அறை கொடுக்கும்போதே எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டார்கள். கண்டிஷன் பெயில் என்றதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அறையைக் கொடுத்தார்கள். ஒரு பெட்ஷீட் கம்பெனியில் மூட்டை கட்டும் வேலைக்குப் போகிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதற்குள் பதினொன்றரை ஆகிவிடுகிறது. அரைக் கூலிதான் தருகிறார்கள்.

சாம்பல் புதன் அன்று கோயிலுக்குப் போனேன். நெற்றியில் சாம்பலோடு கையெழுத்துப் போட நின்றபோது அங்கிருந்த போலீஸ்காரர், "என்ன தம்பி, திருந்திட்டியா?" என்று கேட்டார். நான் சிரித்தேன். சிரித்தது எனக்கே பிடிக்கவில்லை.

என் அம்மா போன வாரம் ராத்திரி ரயிலில் வந்தாள். காசிமேட்டில் மீன் வாங்கப் போனால் தெரிந்தவர்கள்கூட, "உம்புள்ள கண்ணக் குத்திட்டானாமே" என்று கேட்கிறார்களாம். அவளிடமும் நான் உன் பெயரைச் சொல்லவில்லை. "நீ பண்ணியா, பண்ணலியா? அத்த மட்டும் சொல்லு நைனா" என்று கேட்டாள். பண்ணவில்லை என்றேன். அவள் நம்பினாள். பெற்றவள் நம்புவாள். ஜட்ஜ் நம்புவாரா?

உனக்கு வேலை போய்விடும் என்று பயம். எனக்கு என்ன போனது என்று எண்ணிப் பார்த்தாயா? வலைக்கு ஈயம் கட்டுகிற என் வேலைக்கு வேறு ஆள் வைத்துவிட்டார்கள். பேர் போய்விட்டது. பத்து வயசிலிருந்து போய் நின்ற காலரி போய்விட்டது. கிளப்பைக் காப்பாற்ற ஞானம் அண்ணனுக்கு ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நானா? நான் ஏன்?

ஏப்ரல் மூன்றாம் தேதி எனக்குக் கோர்ட்டில் வாய்தா. அன்று ஒரு நாள் மட்டும் சென்னைக்கு வர அனுமதி உண்டு. அதற்குள் நீ போய்ச் சொல்லவில்லை என்றால் அன்று கூண்டில் நின்று உன் பெயரை நான் சொல்வேன். சட்டை மாற்றியதைப் பார்த்த இருபது பேரின் பெயரையும் சொல்வேன். அப்புறம் நம்மிடம் நட்பு கிட்பு எதுவும் மிஞ்சாது.

சாலமோன்

*

ராயபுரம்,
21-3-2025

சாலமோன்,

உன் மிரட்டல் கடிதத்துக்கு அன்றே பதில் எழுதி, கிழித்துப் போட்டேன். இப்போது வேறு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது.

நேற்று பள்ளிவாசலில் இருந்து நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொண்டு ஜாபர் அண்ணன் வீட்டுக்குப் போனேன். தினமும் ஒருவர் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், நேற்று நானே போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். எதற்குப் போனேன் என்று கேட்காதே. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்துப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றியதும் தைரியமும் கழன்றுவிட்டது.

வலது கண் சுத்தமாகப் போய்விட்டது, சாலமோன். கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கிறார். அவர் பிழைப்பே லாரிதான், இனி அதை ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். பாங்கு சொன்னதும் அவரே கரண்டியில் கஞ்சியை எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றினார். கிண்ணத்துக்குப் பக்கத்தில் பாயில் ஊற்றினார். ஒரு கண்ணில் தூரம் தெரியாதாம். அவர் மனைவி நவ்ரீன் அண்ணி துணியை எடுத்துத் துடைத்தார். தினமும் துடைக்கிறார் போலிருக்கிறது.

வெளியே வரும்போது அண்ணிதான் பேசினார். "டாக்டரு இன்னா சொன்னாருன்னா, சும்மா டப்பாவா இருந்தா புருவம் கிழிஞ்சிருக்கும், ரெண்டு தையலோட போயிருக்குமாம். ஸ்டேஷன்ல அந்த டப்பாவ மேசை மேல கொட்டிக் காட்னாங்க தம்பி. உள்ள ஈயம். வலைக்குக் கட்டுவாங்களே, அந்தக் குண்டு. பதினொண்ணு இருந்துச்சு. மூடிய வேற ஈயம் வெச்சி அடைச்சிருந்துச்சு" என்றார்.

வீடு வரைக்கும் எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை.

நம் டப்பாக்களில் புளியங்கொட்டைதானே போடுவோம்? ஈயம் யார் போட்டது? வலைக்கு ஈயம் கட்டுகிறவன் நம் காலரியில் நீ ஒருவன்தான். சட்டையோடு உன் டப்பாதானே என் கைக்கு வந்தது? ஆட்டத்தின் பரபரப்பில் அதன் கனம்கூட எனக்கு உறைக்கவில்லை. புளியங்கொட்டை டப்பா என்று எழுதினாயே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தாயா? ஆறு வாரமாக நான் என் கையைப் பார்த்துப் பார்த்து இந்தக் கைதானே என்று அழுதிருக்கிறேன். நான் எறிந்தது ஒரு கிலுக்கு. அதைக் குண்டாக ஆக்கி என் கையில் கொடுத்தவன் நீ. கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மூன்றாம் தேதி நீ என் பெயரைச் சொல். நான் ஈயத்தைச் சொல்கிறேன். இருவரும் சேர்ந்தே உள்ளே போகலாம்.

சுஃபியான்

*

கரூர்,
26-3-2025

சுஃபியான்,

நான்தான் போட்டேன்.

கால் இறுதியில் எதிரணியின் மேளத்தில் நம் சத்தமே கேட்கவில்லை என்று நீதான் புலம்பினாய். ஈயம் போட்டால் சத்தம் கனமாக வரும் என்று போட்டேன். முதலாளியின் படகில் இருந்து எடுத்த ஈயம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. அடிப்பதற்காகப் போடவில்லை. இது சத்தியம்.

ஆனால் சட்டையை மாற்றும்போது டப்பா கனமாக இருக்கிறது, எறியாதே என்று உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆட்டம் முடிவதற்குள் டப்பாக்கள் பறக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஒரு நொடி நினைத்தேன். அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள், நான் ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

ஸ்டேஷனில் உன் பெயரைச் சொல்லாததை நான் பெரிய தியாகம் மாதிரி எழுதினேன். அது பாதிதான் உண்மை. உன்னைக் கூப்பிட்டால் டப்பா யாருடையது என்று உன்னைக் கேட்பார்கள், நீ சொல்லிவிடுவாய். அந்தப் பயமும் இருந்தது. டப்பாவில் இருந்தது பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்றே இதுவரை சொல்லி வருகிறேன்.

இதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. என்ன வேண்டுமானாலும் செய்துகொள்.

சாலமோன்

*

ராயபுரம்,
1-4-2025

அன்பு சாலமோன்,

நேற்றுப் பெருநாள். தொழுகை முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிக்கொண்டார்கள். ஜாபர் அண்ணன் என்னையும் கட்டிப்பிடித்தார். அவருடைய கண்ணாடி என் தோளில் இடித்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

நாளை காலை ஒரு வக்கீலோடு கோர்ட்டுக்குப் போய்ச் சரணடையப் போகிறேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதாள். அப்புறம் என் சட்டை இரண்டை மடித்து வைத்தாள். ஞானம் அண்ணனிடமும் சொன்னேன். "உன் ஒருத்தனுக்காக நாப்பது வருஷத்துக் கிளப்ப ஊத்தி மூடப்போற" என்றார். யார்டு மேஸ்திரியிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். போலீஸ் சான்று போன வாரம்தான் வந்தது. சுத்தமானவன் என்று எழுதியிருந்தது. அதை எடுத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டப்பாவைப் பற்றிக் கேட்டால் ஈயம் நான் போட்டது என்று சொல்லப் போகிறேன். நீ அதை மறுக்காதே. நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு மாதமாக என் இடத்தில் நின்று நீ ஜெயிலுக்குப் போனாய், கையெழுத்துப் போட்டாய். உன் அம்மாவைக் காசிமேட்டில் பார்த்தேன், முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு மீன் வாங்குகிறாள். இன்னொரு தடவை உன்னை உள்ளே அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. உள்ளே இருந்தது ஈயமோ புளியங்கொட்டையோ, கோபத்தில் ஒரு மனிதன் நிற்கிற பக்கம் எறிந்தவன் நான். அதை நான் யாரிடமும் பங்கு பிரிக்க முடியாது.

உன் மேல் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், இதற்குப் பதில் போடாதே. வந்து உன் அம்மாவைப் பார்.

சுஃபியான்

*

ராயபுரம்,
27-4-2025

அன்பு மாமு சுஃபியானுக்கு,

புழலில் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் இருந்தவன்தானே. படிக்கட்டும்.

மூன்றாம் தேதி வாய்தாவில் வழக்கைத் தள்ளி மட்டும் வைத்தார்கள். நீ வாக்குமூலம் கொடுத்த பத்தாம் நாள் என் கண்டிஷனைக் கோர்ட் ரத்து செய்தது. என் பெயரை வழக்கிலிருந்து எடுக்கப் போலீஸே மனுப் போட்டிருக்கிறது. ஈஸ்டருக்கு முதல் நாள் வீட்டுக்கு வந்தேன். கிளப்பை இந்த வருஷம் லீக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள். உனக்கு ஆயுளுக்கும் தடை. என் தடை நீங்கியதாகக் கடிதம் வந்தது. ஸ்டேடியம் வரைக்கும் போனேன். கேட்டில் என் போட்டோ இருந்த இடத்தில் உன் போட்டோ இருக்கிறது. உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

ஈஸ்டர் அன்று கோயிலுக்கு வெளியே என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டார்கள். "செய்யாத தப்புக்கு எவ்ளோ கஷ்டப்பட்டுட்ட நைனா" என்றார்கள். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாரமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஜாபர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஈயத்தைப் பற்றித் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. போய் நின்றால், நாற்காலியைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார். நவ்ரீன் அண்ணி டீ கொண்டுவந்து வைத்தார். ஜாபர் அண்ணன் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நான் மூஞ்சியப் பாக்கல. சட்டையில பேரு தெரிஞ்சிச்சு, அத்த சொல்லிட்டேன். அரைநேரத்துல சட்டைய மாத்துவாங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும் அந்த காலரில நின்னவன்தான். வலியில தோணாம போயிருச்சு. உன் பேர நான் கெடுத்துட்டேன். மன்னிச்சிக்க தம்பி" என்றார்.

கண்ணை இழந்த மனுஷன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார், சுஃபியான். அண்ணி பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. "பரவால்ல ண்ணா" என்று சொன்னேன். சொல்லிவிட்டு அந்த டீயை முழுவதும் குடித்தேன். என்னை நானே இவ்வளவு கேவலமாகப் பார்த்தது கிடையாது. புழலில்கூட இல்லை.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன். டப்பாவில் ஈயம் போட்டது நான், மூடியை அடைத்தது நான், சட்டை மாற்றும்போது கனமாக இருப்பது தெரிந்தும் சொல்லாதது நான், சுஃபியானுக்கு அது தெரியாது, என்னைக் காப்பாற்றத்தான் அவன் அப்படிச் சொன்னான் என்று எழுதி, முழுப் பெயரும் அப்பா பெயரும் வீட்டு நம்பரும் போட்டுக் கையெழுத்துப் போட்டேன். நீ என்னிடம் கேட்டுக்கொண்டதை நான் கேட்கவில்லை. கோபித்துக்கொள். எறிந்த உன் கையை உன்னிடமிருந்து வாங்க என்னால் முடியாது. ஈயத்தை மட்டுமாவது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

இன்று ஞாயிறு, போஸ்ட் ஆபீஸ் இல்லை. நாளை காலை திறந்ததும் அதைக் கோர்ட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் இந்தக் கடிதத்தைப் பெட்டியில் போடுவேன். அதனால் நீ இதைப் படிக்கிறாய் என்றால் அது போய்விட்டது என்று அர்த்தம். அம்மாவிடம் மதியம் சொன்னேன். பண்ணவில்லை என்று நான் சொன்னதை நம்பியவள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, "ஜாபரு வூட்ல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

அவருக்கும் ஒரு கடிதம் எழுதி வாசலில் போட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுத்தைப் படித்தால் மிச்சமிருக்கிற கண்ணும் வலிக்கிறது என்று நேற்று சொன்னார். நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். தபால் ஆபீஸிலிருந்து நேரே அங்கே போகிறேன்.

சாலமோன்